எயார்போட் லவுஞ்ச்: மட்டக்களப்பு, அம்பாறப் பக்கத்து ஆக்கள் என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் கல்லடி ஆள், கட்டார்ல வேல. 11 வருசமா போய் வாறன். லீவுல ஊருக்கு வந்தா கலியாண வீடு, கோயில் திருவிழா, அந்தியட்டி எண்டு எங்க போனாலும் யாராவது ஒராள் தோளப் புடிச்சிக் கேக்கிறது இதத்தான், "டேய் தம்பி, எயார்போட்ல சும்மா சாப்பாடு போடுற ரூம் ஒண்டு இரிக்காமே, அது எப்படி போறது?" போன தரம் களுவாஞ்சிக்குடில ஒரு கலியாணத்துல சாப்பாட்டு மேசையிலயே மூணு பேர் கேட்டாங்க, எனக்கு இறைச்சி ஆறிப் போச்சி. அதுக்காகத்தான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப் போடுறன். இனி கேக்கிறவங்களுக்கு இத அனுப்பி விட்டாச் சரி.

லவுஞ்ச் எண்டா என்ன? சும்மா கதிர போட்ட ரூம்தானே?

ஓம், அடிப்படையில காத்திருக்கிற ரூம்தான். வெளிய இரும்புக் கதிர, உள்ள சோபா. வெளிய சார்ஜ் போட பிளக் தேடி அலையணும், உள்ள ஒவ்வொரு கதிரைக்கும் பக்கத்துல பிளக். சாப்பாடு, டீ, கோப்பி, வைபை, சுத்தமான டொய்லட், சில இடத்துல குளிக்கவும் ஏலும். இது ஒண்டும் புதுசா வந்ததும் இல்ல. 1939ல நியூயோர்க் லாகார்டியா எயார்போட்ல அமெரிக்கன் எயார்லைன்ஸ் தொடங்கின அட்மிரல்ஸ் கிளப்தான் முதல் எயார்லைன் லவுஞ்ச். அப்ப அவங்க கூப்பிட்ட பெரிய ஆக்கள் மட்டும்தான் உள்ள போகலாம். இப்ப வங்கி காட் வச்சிருக்கிறவன், காசு கட்டுறவன் எல்லாரும் போகலாம் எண்டு வந்திட்டு, அதாலதான் நானும் போறன்.

பிஸ்னஸ் கிளாஸ் டிக்கெட் இல்லாம உள்ள விடுவாங்களா?

விடுவாங்க. உள்ள போக நாலு வழி இரிக்கு. பிஸ்னஸ் கிளாஸ் டிக்கெட் ஒண்டு. அடிக்கடி ஒரே எயார்லைன்ல போய் சேத்த பொயின்ட்ஸ்ல மேல்தர மெம்பர் ஆகிறது ரெண்டாவது. உதாரணத்துக்கு சிறிலங்கன் 2014லயும் கட்டார் எயார்வேய்ஸ் 2013லயும் வன்வேர்ல்ட் எண்ட கூட்டணியில சேந்தது, அதுல சபயர் தரம் வந்தா எக்கொனமி டிக்கெட்லயும் லவுஞ்ச் உண்டு. மூணாவது வங்கி காட். நாலாவது வாசல்லயோ ஒன்லைன்லயோ காசு கட்டிப் போறது. இதுல ரெண்டாவது வழிய எங்கட பொடியன்மார் சும்மா விடுறாங்க, அதுதான் எனக்குக் கவல. வருசத்துல ரெண்டு தரம் போய் வருவான், மெம்பர் நம்பர் எடுக்கிறது சும்மா, அஞ்சு நிமிசம் போதும், அதக் கூடப் போடாம எல்லாப் பயணத்தையும் வீணாக்குறது. ரெண்டு தரம் போய் வந்தோண்ண சபயர் வராது, அது வேற கத, ஆனா பொயின்ட்ஸ் சேந்தா டிக்கெட்டுக்காவது உதவும்.

இன்னொண்டு, மலிவு பிஸ்னஸ் டிக்கெட் எண்டு விக்கிறதுல எல்லாத்துலயும் லவுஞ்ச் வராது. கட்டார் எயார்வேய்ஸ்ட பிஸ்னஸ் லைட் டிக்கெட்ல இல்ல. எடுக்கிறதுக்கு முந்தி வாசிச்சிப் பாருங்க.

நாங்க ஊர்லருந்து வான் புடிச்சி விடியக்காலமே போய் இறங்கிறம், லவுஞ்ச்ல போய் படுத்திரலாம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்வளவையும் எழுதுறன், வடிவா வாசிங்க.

ஏலாது. எங்கட ஆக்கள் எல்லாரும் ஏமாறுற இடம் இதுதான். மட்டக்களப்பிலருந்து கட்டுநாயக்க எயார்போட் 300 கிலோமீற்றருக்குக் கிட்ட, கல்முனை எண்டா அதோட ஒரு 40, அக்கரைப்பற்று எண்டா இன்னும் கூட. பாதையில என்ன நடக்கும் எண்டு தெரியாது, அதால நாங்க எல்லாரும் முந்தியே வெளிக்கிட்டு எயார்போட்டுக்கு அஞ்சு ஆறு மணித்தியாலத்துக்கு முந்தியே போய்ச் சேருவம். கொழும்புக்காரன் ரெண்டு மணித்தியாலத்துக்கு முந்தி ஊபர்ல வந்து இறங்குவான். அப்ப லவுஞ்ச் கூடத் தேவை யாருக்கு, எங்களுக்குத்தானே? ஆனா லவுஞ்ச் கிடக்கிறது இமிகிரேசன் தாண்டி உள்ளுக்கு. இமிகிரேசன் போக போர்டிங் பாஸ் வேணும், பேக் போட கவுன்டர் திறக்கணும், கவுன்டர் பெரும்பாலும் மூணு மணித்தியாலத்துக்கு முந்தித்தான் திறப்பாங்க. போதாததுக்கு காட்ல போற லவுஞ்ச் நிறைய இடத்துல "ப்ளைட்டுக்கு 3 மணித்தியாலத்துக்கு முந்தித்தான் வரலாம்" எண்டு சட்டமும் வச்சிருக்கு.

கணக்குப் பாருங்க. அதிகாலை 4 மணி ப்ளைட் எண்டு வைங்க. நீங்க பின்னேரம் 3 மணிக்கு ஊர்ல வெளிக்கிட்டு ராவு 10க்கு வந்து இறங்குறீங்க. கவுன்டர் 1 மணிக்குத் திறக்கும். அந்த மூணு மணித்தியாலமும் வெளியதான், லக்கேஜ் தள்ளுவண்டில காலப் போட்டுக்கிட்டு. கவுன்டர் லைன்ல முக்கால் மணி, இமிகிரேசன்ல அர மணி, ரெண்டேகால் ஆயிட்டு. கேட்ல திரும்பவும் பேக் ஸ்கேன், பெல்ட் கழட்டு, சப்பாத்துக் கழட்டு எண்டு ஒரு லைன் நிக்கும், அதால 3 மணிக்கெல்லாம் அங்கால நடக்கணும். லவுஞ்ச்ல இரிக்கக் கிடைக்கிறது முக்கால் மணித்தியாலம். அதுக்குள்ள ஒரு டீ, ஒரு பிளேட் நூடில்ஸ், ஒரு டொய்லட். வங்கி காட்ல இலவசம் எண்டா போங்க, நல்லது. காசு கட்டிப் போறதுக்கு அந்த முக்கால் மணி பெறுமதி இல்ல எண்டுதான் நான் சொல்லுவன்.

எங்கட ஆக்களுக்கு லவுஞ்ச் உதவுற இடம் டிரான்சிட், அதாவது நடுவுல ப்ளைட் மாறக் காத்திருக்கிற எயார்போட், கீழ அதுக்கு வாறன்.

அப்ப எத்தன மணிக்குத்தான் வெளிக்கிடுறது?

ஹபரண, தம்புள்ள, குருநாகல் வந்து அங்கருந்து நாரம்மல, கிரியுல்ல, மினுவாங்கொட பக்கம் வெட்டினா கொழும்பு ட்ராபிக்ல மாட்டாம கட்டுநாயக்க வரலாம், வான்காரங்க எல்லாருக்கும் தெரியும். அம்பாற டவுன், உகன பக்கத்து ஆக்கள் மகியங்கன, கண்டி வழியாயும் போறாங்க, ஆனா ராவுல அந்த வளைவுல சின்னப் புள்ளைகளக் கொண்டு போனா சத்திதான். சாப்பாடு, டொய்லட் எல்லாம் சேத்து 7 மணித்தியாலம் எண்டு வைங்க, அதுக்கு மேல ஒரு 2 மணித்தியாலம் யானைக்கு. பகிடி இல்ல, மன்னம்பிட்டி, மின்னேரியா, ஹபரண பக்கம் ராவுல யானை றோட்டுல நிண்டா அது விலகிற வரைக்கும் நீங்க நிக்கத்தான் வேணும், லைட் அடிச்சி ஹோன் அடிச்சி வெருட்டப் போகாதீங்க.

ரயில்ல வாறதெண்டா மீனகயால வந்து றாகமவில இறங்கினா எயார்போட் கிட்ட. ஆனா அதே யானைக் காட்டுக்குள்ளாலதான் ரயிலும் வருது, கல் ஓயா பக்கம் யானை மோதி நிண்ட ரயில் எத்தன. அண்டைக்கே ப்ளைட் எண்டா நான் ரயில நம்ப மாட்டன், முதல் நாள் வந்து நீர்கொழும்புல தங்குறதெண்டா ரயில் நல்லது, மலிவு, முதுகும் நோகாது.

நீர்கொழும்பு ரூம எழுதினதுக்கு ஒரு காரணம் இரிக்கு. எயார்போட்டுக்குக் கிட்ட சின்ன ரூம் எடுத்து குளிச்சி நாலு மணித்தியாலம் நித்திரை கொள்ளுறது, லவுஞ்ச்சுக்கு குடும்பமா காசு கட்டுறத விட எத்தனையோ மேல்.

மட்டக்களப்புலயே இன்டர்நெசனல் எயார்போட் இரிக்கெண்டு சொல்றாங்களே?

பேர் இரிக்கு. 2018ல சர்வதேச விமான நிலையம் எண்டு அறிவிச்சாங்க. கட்டார், துபாய்க்கு அங்கருந்து நான் ஏறுற நாள் வந்தா வாவியில ஒரு முழுக்குப் போட்டு நேர்த்தி வைப்பன்.

கட்டுநாயக்கல என்னென்ன லவுஞ்ச் இரிக்கு?

சிறிலங்கன் எயார்லைன்சுக்கு செரன்டிப் எண்டு சொந்த லவுஞ்ச், அது அவங்கட பிஸ்னஸ் கிளாஸ் ஆக்களுக்கும் மேல்தர மெம்பர்மாருக்கும். காட்ல போறவங்க பொதுவா போறது லோட்டஸ், அரலிய எண்டு சொல்ற ரெண்டுக்கு. உங்கட காட் எதுக்குச் செல்லும் எண்டத காட்டோட போன் அப்ல எயார்போட் பேர் போட்டுத் தேடினா அண்டைய நிலவரம் வரும், ஆரும் வட்ஸ்அப்ல அனுப்பின பழைய போட்டோவ நம்பாதீங்க. சில்க் ரூட் எண்டு ஒண்டும் இரிக்கு, அது வேற சாதி, எயார்போட் கொம்பனியே நடத்துற காசு கட்டுற சேவை, நீங்க சோபால இரிக்க அவங்கட ஆக்கள் செக்கின், இமிகிரேசன் வேலையெல்லாம் பாத்துத் தருவாங்க. வயசான ஆக்கள் தனியப் போறதெண்டா விசாரிச்சிப் பாக்கலாம்.

என்ட வங்கி காட்ல லவுஞ்ச் இரிக்கா எண்டு எப்படித் தெரியும்?

காட்ல விசா, மாஸ்டர் எண்டு அடிச்சிருக்கிறது மட்டும் காணாது, அது எந்தத் தரம் எண்டு பாக்கணும். விசா இன்பினிட், மாஸ்டர்காட் வேர்ல்ட் மாதிரி மேல்தர கிரெடிட் காட்லதான் பெரும்பாலும் இது வரும். சம்பளம் வாற சாதாரண டெபிட் காட்ல எதிர்பாக்காதீங்க. வங்கிகள் இத நேரா நடத்துறது இல்ல, நடுவுல பிரயோரிட்டி பாஸ், லவுஞ்ச்கீ, ட்ரகன்பாஸ் மாதிரி கொம்பனிகள் இரிக்கு. பிரயோரிட்டி பாஸ் 1992ல இருந்து இதே தொழில்தான்.

வங்கிக்கு கோல் எடுத்து நாலு விசயம் கேளுங்க: வருசத்துக்கு எத்தன தரம் இலவசம், கூட வாறவருக்கு எவ்வளவு வெட்டுவீங்க, காட்டயே காட்டினா சரியா இல்ல தனி மெம்பர் காட் இல்லாட்டி போன் அப் வேணுமா, அத முந்தியே எக்டிவேட் பண்ணணுமா. கடைசிக் கேள்விய நான் கேக்காம விட்டுத்தான் வெக்கப்பட்டன். புதுக் காட், காட்டோட வந்த புத்தகத்துல லவுஞ்ச் படம் பளபளண்டு கிடந்திச்சு, நானும் வீட்டுக்காரிட்ட "இண்டைக்கு ராசா மாதிரி போவம்" எண்டு சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போனன். கவுன்டர்ல நிண்ட புள்ள ரெண்டு தரம் இழுத்துப் பாத்திட்டு "சொறி சேர், ரெஜிஸ்டர் ஆகல்ல" எண்டிச்சு. பின்னால நாலு பேர் நிக்கிறான். அங்கயே நிண்டு ரெஜிஸ்டர் பண்ணலாமெண்டு பாத்தா ஓடிபி வாறது ஊர் சிம்முக்கு, அந்த சிம் கழட்டி பேர்சுக்குள்ள, பேர்ஸ் மனிசிட பேக்குக்குள்ள, அந்த பேக் செக்கின்ல போட்டாச்சி. வெளிய வந்து பிளேன்டி ஒண்டு வாங்கிக் குடிச்சம். அவ இண்டைக்கும் என்ன "ராசா" எண்டுதான் கூப்பிடுற.

காசு கட்டிப் போனா எவ்வளவு வரும்? லாபமா?

இடத்துக்கு இடம் மாறும். பிரயோரிட்டி பாஸ்ல இலவசம் முடிஞ்சா ஒராளுக்கு ஒரு தரம் 35 டொலர் எண்டு வெட்டுறதுதான் நான் கண்டது. டொலர் 300 எண்டு வச்சாலும் 10,500 ரூபா, அதோட வங்கி போடுற சில்லறக் கழிவு வேற. வெளிய ஒரு டீயும் ரெண்டு ரோல்சும் எயார்போட் விலைக்கு வாங்கினாலும் அந்தக் கணக்குக்குக் கிட்ட வராது. ஆனா ஆறு மணித்தியால டிரான்சிட்ல ரெண்டு நேரச் சாப்பாடு, குளியல், படுக்கக் கிடைச்சா நான் கட்டுவன், கட்டியிருக்கன். ஒரு மணித்தியாலத்துக்குக் கட்ட மாட்டன். அந்தக் காசுக்கு ஊர்ல குடும்பத்துக்கே ஆட்டிறைச்சி எடுக்கலாம்.

டிரான்சிட்ல எப்படிப் பாவிக்கிறது?

லண்டன், சுவிஸ், கனடா போற எங்கட ஆக்களும், சவூதி, குவைத்துக்கு ரெண்டு ப்ளைட் மாறிப் போறவங்களும் டோஹா, துபாய், அபுதாபில நாலுல இருந்து எட்டு மணித்தியாலம் வரைக்கும் கிடப்பாங்க. அங்க நீங்க ஏற்கனவே இமிகிரேசனுக்கு உள்ளதான், போர்டிங் பாஸ் கையில, பேக்க எயார்லைன்காரன் கொண்டு போறான், இறங்கின கையோட நேரா லவுஞ்ச்சுக்கு நடக்கலாம். டோஹால அல் மகா, துபாயில மர்ஹபா, அஹ்லான் எண்டு காசுக்கும் காட்டுக்கும் விடுற லவுஞ்ச் இரிக்கு. டோஹால அல் மூர்ஜான் எண்டு ஒண்டு, 10,000 சதுர மீற்றர், உள்ளுக்கு குளமெல்லாம் கட்டி வச்சிருக்கான், அது கட்டார் எயார்வேய்ஸ் பிஸ்னஸ் ஆக்களுக்கு, வாசல்ல நிண்டு எட்டிப் பாத்ததோட சரி.

நேரத்துக்கு ஒரு ட்ரிக்: பெரும்பாலான லவுஞ்ச்ல ஒரு தரம் போனா 3 மணித்தியாலம்தான் விடுவாங்க. அப்ப எட்டு மணித்தியால டிரான்சிட்ல இறங்கினோண்ண ஓடிப் போய் பூராதீங்க. முதல்ல வெளிய சுத்துங்க, டோஹாட ஹமட் எயார்போட்ல 2022ல ஓர்ச்சட் எண்டு உள்ளுக்குள்ளயே மரம் நட்டு ஒரு தோட்டம் திறந்தாங்க, அதுல சும்மா இரிக்கலாம், அமைதி அறை எண்டு சரிஞ்சி படுக்கிற கதிர போட்ட ரூமும் சும்மாதான். கடைசி நாலு மணித்தியாலம் இருக்கக்க லவுஞ்ச்ல பூந்து, சாப்பிட்டு குளிச்சி நேரா கேட்டுக்குப் போங்க. கூட வாறவங்களத் தொலைச்சா அந்தப் பெரிய மஞ்சக் கரடிச் சிலைக்குக் கீழ சந்திக்கிறது எண்டு முந்தியே கதைச்சி வைங்க, அதத் தெரியாதவன் அங்க இல்ல.

குளிக்கிறதுக்கு உள்ள போனோண்ண பேர் குடுங்க. லைன் இரிக்கும்.

காசே இல்லாம ஒரு வழியும் இரிக்கு: டிரான்சிட் நீளம் எண்டா சில எயார்லைன் சாப்பாட்டுக் கூப்பனோ ஹோட்டலோ குடுக்கும், டிக்கெட் போடக்க ஏஜென்சிக்காரனக் கேளுங்க. அவன் தானாச் சொல்ல மாட்டான்.

லவுஞ்ச்ல இருந்து ப்ளைட்ட விட்டவங்களும் இரிக்காங்களா?

என்ட மச்சினன் இரிக்கான். றியாத்ல இருந்து துபாய் வழியா ஊருக்கு வாறான். சவூதி நேரம் எங்கட நேரத்துக்கு ரெண்டர மணித்தியாலம் பின்னுக்கு, துபாய் ஒண்டர மணித்தியாலம் பின்னுக்கு, அப்ப சவூதிக்கும் துபாய்க்கும் ஒரு மணித்தியாலம் வித்தியாசம். இவன்ட கை மணிக்கூட்டுல சவூதி நேரம். போன் சார்ஜ் இல்லாம பிளக்ல கிடக்கு. வயிறு நிறையச் சாப்பிட்டு சோபால சாஞ்சி மணிக்கூட்டப் பாத்துப் பாத்து "இன்னும் கிடக்கு, இன்னும் கிடக்கு" எண்டு இருந்திருக்கான். கேட்டுக்குப் போகக்க ப்ளைட் பின்னால தள்ளிக்கிட்டு இரிக்கு. வீட்டுல மூத்த புள்ளைட பூப்புனித நீராட்டு அடுத்த நாள். அடுத்த ப்ளைட்டுக்கு வித்தியாசக் காசு கட்டி, சாமத்திய வீட்டுக்கு மத்தியானம் பந்தி முடிஞ்சோண்ணதான் வந்து சேந்தான். அக்கா ரெண்டு மாசம் கதைக்கல்ல.

நிறைய லவுஞ்ச்ல ப்ளைட்ட மைக்ல கூப்பிட மாட்டாங்க. டிவில வரும், நீங்கதான் பாக்கணும். அந்த எயார்போட் நேரத்துக்கு அலாம் வைங்க. கேட் பெரும்பாலும் ப்ளைட்டுக்கு 20 நிமிசம் இருக்கக்க மூடிருவாங்க, துபாயில ஒரு பக்கத்துல இருந்து மற்றப் பக்கத்துக்கு உள்ளயே ரயில்ல போகணும், அப்ப ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி எழும்பினாத்தான் சரி.

சாப்பாடு என்ன இரிக்கும்? எங்கட வாய்க்குச் சரியா?

கட்டுநாயக்கல சோறு, கறி, பருப்பு, நூடில்ஸ், சோட் ஈட்ஸ், சூப் மாதிரி ஏதாவது கிடைக்கும், உறைப்பு எங்கட கணக்குக்குக் காணாது. கல்ஃப்ல கபுசா மாதிரிச் சோறு, ஹமூஸ், சலட். வெள்ளிக்கிழமை, கௌரி விரதம் எண்டு சைவம் புடிக்கிறவங்க கேட்டுச் சாப்பிடுங்க, மரக்கறி மாதிரித் தெரியிற சூப் கோழி அவிச்ச தண்ணில செஞ்சதா இரிக்கும். முஸ்லிம் ஆக்களுக்கு கல்ஃப்ல பயமில்ல, வேற நாடுகள்ல ஹலால் போட் பாத்து எடுங்க. குடிக்கிறவங்களுக்கும் ஒரு வசனம்: சவூதி, குவைத்துல லவுஞ்ச்லயும் சாராயம் கிடையாது, மற்ற இடத்துல சும்மா கிடக்கெண்டு ஏத்திக்கிட்டுப் போனா கேட்லயே நிப்பாட்டுவான், அந்தக் கேவலத்த நான் கண்ணால கண்டிருக்கன்.

வயிறு நிறையச் சாப்பிடுங்க, எத்தன தரமும் எடுக்கலாம். பேக்ல போடாதீங்க. நானும் ஒரு தரம் மகளுக்கெண்டு ரெண்டு மபின பேப்பர்ல சுத்திப் போட்டன், வீட்ட வந்து பாக்கக்க அது லெப்டொப்போட ஒட்டி மாவாக் கிடந்திச்சு.

குடும்பமாப் போனா எல்லாரையும் விடுவாங்களா?

காட் ஆருட பேர்லயோ அவர் மட்டும்தான் கணக்கு. மனிசி, புள்ளைகளுக்கு தனித்தனியா வெட்டுவாங்க, கைக்குழந்தைக்கு பெரும்பாலும் காசில்ல, அதுக்கு மேல எத்தன வயசு எண்டது லவுஞ்ச்சுக்கு லவுஞ்ச் வேற. நாலு பேர் கொண்ட குடும்பம் எண்டா 35ப்படி பெருக்கிப் பாருங்க, தலை சுத்தும். நீங்க மட்டும் உள்ள போய்ச் சாப்பிட்டு வந்து மனிசிக்கு "நல்லாருந்திச்சு" எண்டு சொல்ற எண்ணம் இருந்தா அத இப்பவே விடுங்க.

வழியனுப்ப வாற வான் ஆக்களுக்கு லவுஞ்ச் இல்ல. இமிகிரேசன் தாண்டி அவங்க வர ஏலாது.

அம்மா தனிய லண்டனுக்குப் போறா, லவுஞ்ச் போட்டுக் குடுத்தா நல்லந்தானே?

மகன்மார் வெளிநாட்டுல இருந்து இதக் கேக்கிறாங்க, அன்பு விளங்குது. ஆனா அம்மாக்கு லவுஞ்ச்ச விட வீல்செயார்தான் முக்கியம். அது காசில்ல, டிக்கெட் போடக்க அல்லது 48 மணித்தியாலத்துக்கு முந்தி எயார்லைனுக்குச் சொல்லி புக்கிங்ல போட வைக்கணும். நடக்க ஏலும் எண்டாலும் அந்தத் தூரமும் பாஷையும் அவக்கு ஏலாதுதானே, அதுக்குத்தான். தள்ளிக்கிட்டுப் போற ஆள் அவவ கவுன்டர், இமிகிரேசன், கேட் எல்லாம் தாண்டி ஏத்தி விடும். லவுஞ்ச்ல விட்டா திரும்பி வந்து எடுப்பாங்களா, எப்ப எடுப்பாங்க எண்டு அவ பயந்துக்கிட்டே இருப்பா, சாப்பாடும் இறங்காது. அவட கையில ஒரு துண்டுல பேர், ப்ளைட் நம்பர், உங்கட போன் நம்பர் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதிக் குடுங்க, மருந்து கைப் பேக்ல இரிக்கணும்.

மக்காவுக்கு உம்ராக்குப் போறவங்க லவுஞ்ச்ல இஹ்ராம் துணி கட்டலாமா?

இது காத்தான்குடி கூட்டாளி ஒராள் சொல்லித் தந்தது, மார்க்க விசயத்த உங்கட மௌலவிட்டயும் கேளுங்க. டிரான்சிட்ல குளிக்கிற வசதி உள்ள லவுஞ்ச் இதுக்கு சரியான உதவியாம், குளிச்சி இஹ்ராம் உடுத்து, ப்ளைட்டுக்குள்ள மீக்காத் எண்ட எல்லைக்கு முந்தி நிய்யத் (உம்ராக்கு மனசுல எண்ணம்) வைக்கலாம். நிய்யத் வச்சோண்ண வாசம் பூச ஏலாது, லவுஞ்ச்ல கிடக்கிற சோப், லோசன், வாசனத் துடைப்பான் எல்லாத்துலயும் வாசம் இரிக்கும், அதால அதுகள முந்தியே முடிச்சிக்கிறது. இஹ்ராம் துணிய செக்கின் பேக்ல போட்டுட்டு அங்க நிண்டு முழிக்கிற ஆக்கள் இரிக்காங்களாம். கைப் பேக்ல வைங்க. இல்லாட்டி கட்டுநாயக்கலயே கட்டிக்கிட்டு ஏறுறதுதான் லேசு எண்டும் சொன்னார்.

முதல் தரம் வேலைக்குப் போறன், லவுஞ்ச் பாக்கலாமா?

தங்கச்சி, தம்பி, முதல்ல பியூரோ. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு சரியா இரிக்கா, எயார்போட்ல அவங்கட கவுன்டர்ல காட்டுறதக் காட்டியாச்சா எண்டு பாருங்க, சட்டமா உள்ள விசயம், அதுல பிழைச்சா போற பயணமே நிக்கும். ஏஜென்சி குறூப்பா போனா குறூப்ப விட்டு விலகாதீங்க, பாஸ்போட்ட ஆருட்டயும் குடுத்து வைக்காதீங்க, கொன்ட்ராக்ட் கொப்பி ஒண்ட போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி விடுங்க. லவுஞ்ச் ரெண்டாம் தரம் வரக்க பாத்துக்கலாம்.

சாறனோட போனா விடுவாங்களா?

துப்பரவா உடுத்தா பெரும்பாலும் ஒண்டும் சொல்லாங்க. பாட்டா செருப்பு, கட்டக் காற்சட்ட, கையில்லாத பெனியன் எண்டா சில இடத்துல மறிப்பாங்க.

பவர் பேங்க், தண்ணிப் போத்தல்?

பவர் பேங்க் கைப் பேக்ல மட்டும், செக்கின்ல போடவே ஏலாது. 100 வாட் மணி வரைக்கும் சரி, அதாவது 27,000 எம்ஏஎச் மாதிரி, கடையில விக்கிற 10,000, 20,000 ரெண்டும் பிரச்சினை இல்ல. லவுஞ்ச்ல சார்ஜ் போட்ட போன மறந்து விட்டுட்டுப் போற ஆக்கள்தான் கூட. தண்ணிய லவுஞ்ச்லயே குடிச்சி முடிங்க, கேட் ஸ்கேன்ல 100 மில்லிலீற்றருக்கு மேல உள்ளத எறியச் சொல்லுவான், வெறும் போத்தல் எண்டா பரவால்ல.

வீட்டுல கட்டித் தாற சோத்த லவுஞ்ச்ல வச்சிச் சாப்பிடலாமா?

உள்ள வெளிச் சாப்பாடு விட மாட்டாங்க. ஆனா கட்டாம வராதீங்க எண்டுதான் நான் சொல்லுவன். ராவு 10 மணிக்கு வந்து இறங்கி கவுன்டர் திறக்கிற வரைக்கும் வெளிய கிடக்கிற அந்த மூணு மணித்தியாலத்துக்குத்தான் அது. அம்மா வாழ இலைல சுத்தின புட்டு, பொரிச்ச மீன், கட்டச் சம்பல், ப்ளாஸ்க்ல டீ, வானுல வந்த சித்தப்பா முதல் கொண்டு எல்லாரும் கார் பார்க்ல நிண்டே பிச்சிப் பிச்சிச் சாப்பிடுவம், பக்கத்து வான் வாழைச்சேனைக்காரங்களா இருந்தா அங்கருந்தும் ஒரு துண்டு கருவாடு வரும். மிஞ்சினத கைப் பேக்ல வைக்கிறதெண்டா சம்பல் கட்டியா இருந்தா கொண்டு போகலாம், நான் கொண்டு போயிருக்கன். சொதிய மட்டும் அங்கயே குடிச்சி முடிச்சிருங்க, அது தண்ணிக் கணக்கு.